நியூயார்க்கில் ஒரு ராஜா சிலை சாய்ந்த மாலை

[திரையில்: மன்ஹாட்டன் தென்முனையின் பழைய வரைபடம்]

1776 ஜூலை 9, மாலை. நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டனின் படைவீரர்கள் அணிவகுத்து நிற்க, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விலகுவதாக அறிவிக்கும் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் உரக்கப் படிக்கப்படுகிறது. அப்புறம் வீரர்கள், மாலுமிகள், ஊர்மக்கள் என்று ஒரு கூட்டம் போலிங் கிரீன் பூங்காவுக்குக் கிளம்புகிறது. அங்கே குதிரைமேல் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். ஈயத்தில் வார்த்து, தங்கத் தகடு ஒட்டிய சிலை. கயிறு கட்டி இழுத்துத் தள்ளிவிட்டார்கள்.

சிலையைச் சாய்த்தால் போரில் ஜெயித்துவிட முடியுமா? முடியாது. பின்னே எதற்காக?

[திரையில்: 1770-ல் சிலை திறப்பு]

சிலையை வைத்ததே இந்த ஊர்தான். பத்திரங்கள், செய்தித்தாள்கள் போன்ற காகிதங்கள்மேல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட முத்திரை வரி 1766-ல் ரத்தானதற்கு நன்றியாக ஏற்பாடு செய்து, 1770-ல் நிறுவினார்கள். அடுத்தடுத்து வரித் தகராறு வந்தபோதும் ஜனங்கள் திட்டியது பெரும்பாலும் பார்லிமெண்டையும் மந்திரிகளையும்தான். ராஜா நல்லவர், கூட இருப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருந்தது. துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்ட பிறகும், 1775 ஜூலையில், அவருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் அதை ஏற்கவே மறுத்து, இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார்.

பரம்பரை பரம்பரையாக வந்த ராஜ விசுவாசம் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டியதும் போய்விடாது. பிரகடனத்தை முடிவு செய்தவர்கள் பிலடெல்பியாவில் கூடிய பிரதிநிதிகள். கயிற்றைப் பிடித்தவர்களோ சாதாரண ஜனங்கள். பிடிபட்டால் ராஜதுரோகக் குற்றம். அதுவும் எந்த நேரத்தில்? மன்னரின் படை எதிரே ஸ்டேட்டன் தீவில் வந்து இறங்கியிருந்த நேரத்தில்! இனி திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்தே இழுத்தார்கள். அந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறுநாள் வாஷிங்டன் இதைக் கண்டித்தார். அவர்களுடைய ஆர்வம் புரிகிறது, ஆனால் படை கலவரத்தில் இறங்கியதுபோல் இருக்கிறது என்றார். தளபதியாக அவர் கவலை நியாயம்தான்.

[திரையில்: ஈயக் குண்டுகள்]

சிலையின் ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டுக்குப் போனது. அங்கே பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து உருக்கி, 42,088 துப்பாக்கிக் குண்டுகள் வார்த்தார்கள்.

மன்னரின் ஆட்களும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஜான் மான்ட்ரசோர், வெட்டப்பட்ட சிலைத் தலையைத் தேடி மீட்டு, இந்த ஜனங்கள் எவ்வளவு நன்றி கெட்டவர்கள் என்று காட்டுவதற்காக லண்டனுக்கே அனுப்பிவைத்தார்.