ட்ரோன் விடுகிறவர்கள் முதல் வேலையாக அழிக்கும் லினக்ஸ் மென்பொருள்! பாவம், அது செய்த தப்பு என்ன?

[திரையில்: மேசை மேல் ஒரு ட்ரோன், பக்கத்தில் லேப்டாப், கறுப்புத் திரையில் ஓடும் எழுத்துகள்]

உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் ட்ரோனைக் கட்டுப்படுத்த கியூகிரவுண்ட்கண்ட்ரோல் என்ற மென்பொருளைப் போடப் போகிறீர்கள். அதன் கையேட்டில் பல வருடங்களாக ஒரு வரி இருந்தது. எங்கள் மென்பொருளைப் போடுவதற்கு முன்னால் சிம் மோடம்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருளை நீக்கிவிடுங்கள் என்று! ட்ரோன்காரர்கள் மட்டுமில்லை. ஆர்டுயினோ என்ற குட்டி மின்னணு போர்டை வைத்து விளையாடுகிறவர்களைக் கேளுங்கள், முப்பரிமாண பிரிண்டர் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். "ஐயோ, அதுவா? முதல்ல அதைத் தூக்கு" என்பார்கள்.

இன்றைக்கு நான் அந்த மோடம்மேனேஜருக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன். அதைத் திட்டுகிறவர்கள் ஏற்கெனவே கமெண்டில் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். கடைசியில், யுஎஸ்பியில் செருகும் உங்கள் நெட் டாங்கிளோ லேப்டாப்பின் சிம் மோடமோ லினக்ஸில் வேலை செய்யாவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது என்பதும் இருக்கிறது.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். லினக்ஸில் நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்குத் துணையாக, ரெட்ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த டான் வில்லியம்ஸ் தொடங்கியது இது. பிறகு அலெக்சாண்டர் மோர்காடோ பல வருடங்கள் தோளில் சுமந்தார். 1.0 பதிப்பு 2013-இல் வந்தது. வேலை ஒன்றுதான்: சிம் போடுகிற எந்த மோடமாக இருந்தாலும், யார் செய்ததாக இருந்தாலும், சிம்மின் பின் எண்ணைக் கேட்டு, சிக்னல் பார்த்து, நெட்டில் ஏற்றிவிடுவது. வரலாறு முடிந்தது.

[திரையில்: 300 பிட் என்று பெரிய எழுத்தில்]

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1981-இல் ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்று ஒன்றை விற்றது. வேகம் நொடிக்கு 300 பிட். இந்த வீடியோவின் சின்ன முகப்புப் படத்தை அதில் இறக்குவதற்குள் நீங்கள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். அந்த மோடத்துக்குக் கட்டளை கொடுக்க வேண்டுமானால் வரியை ஏ, டி என்ற இரண்டு எழுத்தில் தொடங்க வேண்டும். "ஏடி" என்று அனுப்பி என்டர் தட்டினால் "ஓகே" என்று பதில் வரும். அவ்வளவுதான் நலம் விசாரிப்பு.

அந்த மோடம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த ஏடி போகவில்லை. இன்றைக்கு வருகிற 5ஜி மோடத்திலும் ஒரு போர்ட்டைத் திறந்து ஏடி என்று அனுப்பிப் பாருங்கள், ஓகே என்கும். கைபேசித் தொழில்நுட்பத்துக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, இதற்கென்றே 27.007 என்ற எண்ணில் ஓர் ஆவணம் வைத்துப் பராமரிக்கிறது.

ஆக, மோடம்மேனேஜருக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. யுஎஸ்பியில் புதிதாக ஏதாவது சீரியல் போர்ட், அதாவது தரவு வரிசையாகப் போய்வரும் வாசல், வந்தால், "ஏடி" என்று கூப்பிட்டுப் பார். ஓகே வந்தால் மோடம். தெருவில் யார் புதிதாகக் குடிவந்தாலும் கதவைத் தட்டி, "அண்ணே, நீங்க மோடமா?" என்று கேட்கிற ஆள் மாதிரி. மரியாதையான ஆள்தான். ஆனால் உள்ளே யார் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் தட்டுகிறார்.

அவர் தட்டினால் என்ன ஆகும்? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தள்ளிவிடாமல் பாருங்கள்.

[திரையில்: ஆர்டுயினோ லியோனார்டோ போர்டு, மிக அருகில்]

ஆர்டுயினோ லியோனார்டோ. இதில் புது நிரல் ஏற்ற வேண்டுமானால் போர்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு, பூட்லோடர் என்ற குட்டி நிரலுக்குப் போகும். அந்தப் பூட்லோடர் சுமார் 8 விநாடி காத்திருக்கும். அதற்குள் நிரல் வந்தால் வாங்கிக்கொள்ளும், வராவிட்டால் கடையைச் சாத்திவிட்டுப் பழைய நிரலுக்கே திரும்பிவிடும். பூட்லோடருக்குப் போகிற நேரத்தில் யுஎஸ்பி இணைப்பு ஒருமுறை விட்டு, மறுபடி வரும். லினக்ஸின் கண்ணுக்கு அது ஒரு புதுச் சாதனம்.

புதுச் சாதனமா? நம் ஆள் ஓடி வந்துவிட்டார். "ஏடி", என்டர்.

மொத்தம் மூன்று பைட். அந்தப் பூட்லோடர் பேசும் மொழியின் பெயர் ஏவிஆர்109. அதில் எல்லாக் கட்டளையும் ஒற்றை எழுத்துதான். அதில் "ஏ" என்றால் என்ன தெரியுமா? "நினைவகத்தில் இந்த முகவரிக்குப் போ. முகவரி அடுத்த இரண்டு பைட்டில் வருகிறது." அடுத்து வருவது என்ன? "டி"-யும் என்டரும்! டி எழுத்தின் எண் 84, என்டரின் எண் 13. 84-ஐ 256-ஆல் பெருக்கி 13 கூட்டுங்கள்: 21,517. அந்தச் சிப்பின் நினைவகம் 32 கிலோபைட். இந்த மொழி இரண்டிரண்டு பைட்டாக எண்ணுகிறது என்பதால் மொத்தம் 16,384 இடம். 21,517 என்று ஓர் இடமே அதில் கிடையாது.

நம் ஆள் கேட்டது "நீங்க மோடமா?". பூட்லோடரின் காதில் விழுந்தது "இல்லாத ஊருக்குப் போ". அதுவும் நல்ல பிள்ளையாக "சரி" என்று ஒரு என்டரைத் திருப்பி அனுப்புகிறது. கேட்டவருக்கும் புரியவில்லை, சொன்னவருக்கும் புரியவில்லை.

[இங்கே இரண்டு விநாடி இடைவெளி, சிரித்துக்கொள்ள]

இன்னும் இருக்கிறது. மோடம்மேனேஜர் ஒரு முறை கேட்டுவிட்டு விடுவதில்லை. ஓகே வரவில்லையென்றால் மூன்று முறை கேட்கும், ஒவ்வொரு முறையும் 3 விநாடி காத்திருக்கும். மும்மூன்று ஒன்பது. பூட்லோடர் திறந்திருப்பது எட்டு! போதாக்குறைக்கு, பேசுகிற நேரம் முழுக்க அந்தப் போர்ட்டை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டிவைத்துக்கொள்ளும். நீங்கள் அப்லோட் அழுத்தினால் "சாதனம் வேறு வேலையில் இருக்கிறது" என்று பிழை வரும். கேபிளை மாற்றிப் பார்ப்பீர்கள், போர்டை மாற்றிப் பார்ப்பீர்கள், கடைசியில் விதியை நொந்துகொள்வீர்கள். இணையத்தில் தேடினால் முதல் பதில் "மோடம்மேனேஜரைத் தூக்கு".

சரி, யார் மேல் தப்பு? தட்டினவர் மேல் என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யுஎஸ்பி விதிகளில் ஒவ்வொரு சாதனமும் தான் எந்த வகுப்பு என்று அறிவிக்க வேண்டும். லியோனார்டோ மாதிரி போர்டுகள் அறிவிப்பது சிடிசி-ஏசிஎம் என்ற வகுப்பை. அது யாருக்காக எழுதிய வகுப்பு? மோடத்துக்காக! அதை அறிவித்துக்கொண்டால் லினக்ஸிலும் மேக்கிலும், 10-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸிலும், தனி டிரைவர் இல்லாமலே சீரியல் போர்ட் கிடைத்துவிடும். அதனால் உலகத்தில் பாதி போர்டு மோடம் வேஷம் கட்டிக்கொண்டுதான் வருகிறது. வாசலில் மோடம் என்று பலகை மாட்டிவைத்தால் மோடமா என்று கேட்கத்தானே செய்வார்கள்?

இதை எப்படிச் சரி செய்தார்கள் என்றால், முதலில் ஒரு பட்டியல் போட்டார்கள். எல்லா யுஎஸ்பி சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண் ஒன்று, பொருள் எண் ஒன்று உண்டு. ஆர்டுயினோவுக்கு 2341. இந்த எண்ணைப் பார்த்தால் தொடாதே. இந்த யுபிஎஸ்ஸைத் தொடாதே. இந்த ஜிபிஎஸ்ஸைத் தொடாதே. அப்புறம் சாம்பல் பட்டியல் என்று இன்னொன்று. யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் இருக்கிறதல்லவா, அதில் தெரியும் எண் கேபிளுக்குள் இருக்கும் சிப்புடையது. மறுமுனையில் மோடம் இருக்கலாம், எடைத் தராசு இருக்கலாம். அதனால் தானாகப் போய்த் தட்டாதே, பயனர் "தேடு" என்று சொன்னால் மட்டும் தட்டு.

பட்டியல் வளர்ந்துகொண்டே போனது, திட்டும் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் கொள்கையையே தலைகீழாக்கினார்கள். இப்போது இயல்பாக இருப்பது கண்டிப்பான முறை. "மோடம் இல்லை என்று தெரிந்தால் விடு" என்பது போய், "மோடம்தான் என்பதற்கு அடையாளம் இருந்தால் மட்டும் தொடு". ஆக, இன்றைய புது டிஸ்ட்ரோவில், அதாவது உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்பில், அதை அழித்துவிட்டு உட்காருகிறவர்களில் பலருக்கு அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் போர்டு இன்னும் மாட்டிக்கொண்டால், செருகிய சாதனத்தை என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதியில் "இந்தச் சாதனத்தை விட்டுவிடு" என்று ஒரே வரி. வரியை டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன். லைக் போடாதவர்களும் எடுத்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

[திரையில்: பழைய யுஎஸ்பி டாங்கிள்]

இதுவரை பார்த்தது மோடம் இல்லாததை மோடம் என்று நினைத்த கதை. உண்மையான மோடம்களே ஒழுங்காகப் பேசுவதில்லை என்பது அடுத்த கதை. நெட்செட்டர், ஃபோட்டான் காலத்து டாங்கிள்கள் நினைவிருக்கிறதா? லினக்ஸில் செருகினால் சிடி டிரைவாக வந்து நிற்கும்! விண்டோஸ் டிரைவரை உள்ளேயே சிடி மாதிரி வைத்திருப்பார்கள். ஹுவாவே டாங்கிள் பல 12டி1:1446 என்று (தயாரிப்பாளர் எண், பொருள் எண்) வரும், யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற கருவி அதற்கு ஒரு தனிக் கட்டளை அனுப்பினால் வேறு எண்ணில் மோடமாகத் திரும்பி வரும். இதற்கு மேல் சொன்னால் எனக்கே தலை சுற்றும், அடுத்தது.

ஒரே எண்ணில் இரண்டு மோடம்கள் உண்டு. 05சி6:9215 என்றால் ஏசர் லேப்டாப்பில் வந்த கோபி 2000-ஆகவும் இருக்கலாம், குவெக்டெல் இசி20-ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு டிரைவர் நடத்தை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இதற்காகவே ஒரு குட்டிச் செயற்கூறு எழுதியிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு, யுஎஸ்பி இடைமுகங்களை எண்ணும். ஐந்து இருந்தால் இசி20, இல்லையென்றால் அது இல்லை. இவ்வளவுதான் சோதனை.

எனக்குப் பிடித்த இன்னொன்று டிடிஆர். சியரா எம்சி7455 என்ற 4ஜி மோடம். பேசுவது ஏடிகூட இல்லை, குவால்காமின் கியூஎம்ஐ என்ற நவீன நெறிமுறை. எல்லாம் சரியாக இருக்கும், கேள்வி அனுப்பினால் பதிலே வராது. செத்த மோடம் மாதிரி கிடக்கும். காரணம், அது டிடிஆர் சமிக்ஞைக்காகக் காத்திருந்தது. "முனையம் தயார்" என்று சொல்ல அறுபதுகளின் ஆர்எஸ்-232 இணைப்பில் இருந்த ஒற்றைக் கம்பி அது. இந்த மோடத்தில் அந்தக் கம்பியே கிடையாது, இருந்தாலும் யாராவது அதை உயர்த்தியதாகச் சொன்னால்தான் வாயைத் திறக்கும். கர்னலில் அந்த மாடலின் வரியில் "டிடிஆர் உயர்த்து" என்று குறிப்புச் சேர்த்ததும் உயிர் வந்தது. குவெக்டெல் இசி25-க்கும் அதே குறிப்புதான்.

இதனால்தான் பக் சரி செய்வதும் புதுச் சாதனம் சேர்ப்பதும் இங்கே கிட்டத்தட்ட ஒரே வேலை. ஒவ்வொரு மோடமும் எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து எழுதிவைப்பது. மோடம்மேனேஜரின் மூலநிரலில் ப்ளகின்கள் என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஹுவாவே, குவெக்டெல், டெலிட், சியரா, ஃபைபோகாம் என்று ஆளுக்கொரு அறை. ஹுவாவே அறையில், மோடம் கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும் செய்திகளைக் காதில் வாங்காமல் இருப்பதற்கென்றே நிரல் இருக்கிறது.

லேப்டாப்காரர்களுக்கு ஒன்று. சிம் போட்டாச்சு, மோடம் தெரிகிறது, ஆனால் "குறைந்த மின்சாரம்" நிலையிலேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது எஃப்சிசி பூட்டு. எஃப்சிசி என்பது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம். அமெரிக்க விதிப்படி மோடத்துக்கும் அது உட்காரும் லேப்டாப்புக்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் வாங்குகிறார்கள், அதனால் தயாரிப்பாளர்கள் ரேடியோவைப் பூட்டி அனுப்புகிறார்கள். முன்பு மோடம்மேனேஜர் தானாகவே திறந்துவிடும். 2021-இல் வந்த 1.18.4 பதிப்பிலிருந்து தானாகத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். திறக்கும் ஸ்கிரிப்ட்கள் கூடவே வருகின்றன, உங்கள் மாடலுக்கு உரியதை நீங்களே லிங்க் கொடுத்து இயக்க வேண்டும். அப்டேட் செய்ததும் நெட் போச்சு என்று அப்போது கூச்சல் எழுந்தது. என் கருத்து, செய்தது சரிதான். பூட்டிய லேப்டாப் நிறுவனம்தான் சாவிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, சொன்னபடி, உங்கள் மோடம் வேலை செய்யாவிட்டால். முதலில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். எண் தெரிகிறது, சீரியல் போர்ட் வரவில்லை என்றால் சிக்கல் கர்னல் பக்கம். ஆப்ஷன் என்ற டிரைவருக்கு அந்த எண்ணை நியூ-ஐடி கோப்பு வழியாகத் தற்காலிகமாகச் சொல்லிப் பாருங்கள். வேலை செய்தால், நீங்கள் அனுப்ப வேண்டிய பேட்ச், அதாவது நிரல் திருத்தம், பல நேரம் ஒரே ஒரு வரிதான். ஆமாம், ஒரு வரியில் லினக்ஸ் கர்னலில் உங்கள் பெயர்! போர்ட் வருகிறது, மோடம்மேனேஜர் கண்டுகொள்ளவில்லை என்றால், அதை டீபக் நிலையில் ஓடவிட்டு, செருகியதிலிருந்து முழு லாக்கையும் எடுத்து, ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லாபில் புகார் எழுதுங்கள். "வேலை செய்யல" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். மோடத்தின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, கர்னல் பதிப்பு, லாக், இது நான்கும் இல்லாமல் அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது, அவர்கள் கையில் உங்கள் மோடம் இல்லை.

டிராயரில் பழைய டாங்கிள் கிடந்தால் செருகிப் பார்த்து, அந்த இரண்டு எண்களையும் கமெண்டில் போடுங்கள், எந்த டிரைவர் என்று பார்த்துச் சொல்கிறேன். எண் என்றதும் மோடத்தின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை எடுத்துப் போட்டுவிடாதீர்கள் மக்களே. லாக்கிலும் அதை அழித்துவிட்டே அனுப்புங்கள்.