பன்னுவைத் தொடாத இருவர்

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை, ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே கேட்கும் ஹாரன் சத்தம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மடியில் தலை வைத்திருப்பவள் பன்னு. நம் ஊர் நாட்டு நாய், வயது ஐந்து. நாளைக் காலை நாங்கள் இருவரும் முதியோர் இல்லத்துக்குப் போகிறோம். அதனால் அவள் நகத்தை வெட்டி, அரத்தால் தேய்த்துக்கொண்டே பேசுகிறேன். வயதானவர்களின் தோல் அவ்வளவு மெலிந்திருக்கும். நகத்தின் ஒரு கூர்முனை பட்டாலே கிழிந்து ரத்தம் வந்துவிடும்.

போன வாரம் என் சித்தி ஒரு கேள்வி கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாயே, இது என்ன பக்தி? அந்த நேரத்தில் ஒரு ஜெபமாலை சொன்னால் உன் அம்மாவின் ஆத்துமத்துக்காவது ஆகும்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பேசப்போவது அதைத்தான்.

பன்னு எங்களிடம் வந்தது அம்மா இருந்தபோது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே ஓர் அண்ணன் தினமும் பன்னைப் பிய்த்துப் போட்டு ஒரு குட்டியை வளர்த்துக்கொண்டிருந்தார். மீன் வாங்கப் போன அம்மா அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிறமும் பன் நிறம்தான், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசி இரண்டு மாதம் என்னை யார் என்றே தெரியவில்லை. "நீங்கள் யார் வீட்டுப் பெண்?" என்று மரியாதையாகக் கேட்பார். ஆனால் கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, "பன்னு" என்று கூப்பிடுவார். கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பவள் எழுந்து வந்து தலையை அந்தக் கைக்குள் கொடுப்பாள். நான் பேசிப் பேசி, பழைய படங்களைக் காட்டி, அழுது அம்மாவைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். பன்னு எதையும் கேட்கவில்லை. அங்கே இருந்தாள், அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்ததும் அதுதான்.

அடக்கம் முடிந்த நாற்பதாவது நாளோ என்னவோ, பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள புனித ரோக்கு ஆலயத்துக்குப் போனேன். சிறுவயதிலிருந்து அம்மா கூட்டிப்போன கோயில் அது. ரோக்கு என்பவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் வாழ்ந்தவர் என்பார்கள். இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ரோமுக்குத் திருப்பயணம் புறப்பட்டார். வழியெல்லாம் கொள்ளைநோய். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டே போனார், கடைசியில் அந்த நோய் அவருக்கும் வந்தது. யாருக்கும் தொல்லையாக இருக்கக்கூடாது என்று காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். அங்கே ஒரு நாய் தினமும் வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்து, புண்ணை நக்கிக்கொடுத்தது என்பது வழிவழியாக வரும் கதை. அவருடைய சுரூபத்தை, அதாவது சிலையை, எங்கே பார்த்தாலும் தொடையில் காயம் தெரியும், காலடியில் ரொட்டியோடு அந்த நாய் நிற்கும். ஆகஸ்ட் 16 அவருடைய திருநாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் புனிதரைப் பார்ப்பதில்லை, நாயைத்தான் பார்ப்பேன். அன்றும் அதைத்தான் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பணிவிடை செய்த மனிதர் தனியாகக் கிடந்தபோது, அவரைத் தேடிப் போவதற்கு ஆண்டவர் அனுப்பியது ஒரு நாயை. அதற்கு ஜெபம் சொல்லத் தெரியாது. ரொட்டி கொண்டுவரத் தெரியும், பக்கத்தில் உட்காரத் தெரியும். நான் நோயுற்றிருந்தபோது என்னைப் பார்க்க வந்தீர்கள் என்றுதானே ஆண்டவர் நியாயத்தீர்ப்பு நாளில் சொல்வதாக இருக்கிறது? பார்க்க வந்து நன்றாகப் பேசினீர்கள் என்று இல்லையே. வீட்டுக்கு வந்ததும், முதியோர் இல்லத்தில் பணி செய்யும் எனக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரீக்கு, அந்தச் சிஸ்டருக்கு, ஃபோன் செய்தேன். "உங்கள் இல்லத்துக்குப் பன்னுவைக் கூட்டிக்கொண்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கே வா" என்பார் என்று நினைத்தேன். சிஸ்டர் சொன்னது வேறு. "முதலில் அவளைத் தயார் செய். இங்கே இருப்பவர்கள் கீழே விழுந்து எலும்பு முறிந்தால் எளிதில் சேராது" என்றார். அந்தத் தயாரிப்புக்கு எட்டு மாதம் ஆனது.

இப்படிப் போகும் நாயை ஆங்கிலத்திலேயே தெரபி டாக் என்கிறார்கள். பார்வையில்லாதவருக்கு வழிகாட்டும் நாய் வேறு, அது ஒரே ஒருவருக்காக வேலை செய்வது. தெரபி நாய் தன்னை வளர்ப்பவரோடு சேர்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் போகிறது. 1960களில் நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், தன்னிடம் வந்த, பேச மறுத்த ஒரு சிறுவன் தான் வளர்த்த நாய் அல்ல, லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து எழுதினார். அவரோடு இந்தத் துறை தொடங்கியதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது எலெய்ன் ஸ்மித் என்ற நர்ஸின் கதை. அமெரிக்காவைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது, மருத்துவமனைக்கு வரும் ஒரு குருவானவர் தன்னுடைய கோல்டன் ரெட்ரீவர் நாயையும் கூட்டி வருவதையும், நோயாளிகளின் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பி 1976இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். சித்தி, கேட்டுக்கொண்டிருந்தால் கவனியுங்கள், அந்தக் குருவானவரும் நாயோடுதான் போயிருக்கிறார்.

பயிற்சிக்கு வருகிறேன். உட்கார், படு என்பதெல்லாம் எளிது. சக்கர நாற்காலி பக்கத்தில் உருண்டு போனாலும், எவர்சில்வர் டம்ளர் விழுந்து சத்தம் போட்டாலும் அவள் துள்ளக்கூடாது. யாராவது காதையோ வாலையோ அழுத்திப் பிடித்தால் திரும்பிப் பார்க்கலாம், பல் காட்டக்கூடாது. கையையோ முகத்தையோ நக்கக்கூடாது. மிக முக்கியமானது "விடு" என்ற சொல். முதியோர் இல்லத்துத் தரையில் எப்போதும் ஒரு மாத்திரை விழுந்து கிடக்கும். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். நாய் வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பொரிகடலையைத் தரையில் போட்டுப் போட்டு, "விடு, விடு" என்று மாதக்கணக்கில் பழக்கினேன். வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, மாநகராட்சி உரிமம் எல்லாம் உண்டு. ஊசிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போவோம். போவதற்கு முதல் நாள் குளியல், உண்ணி பார்த்தல். இல்லத்தில் அவளைத் தொடுபவர்கள் தொட்ட பின் கை கழுவியாக வேண்டும். இதில் எதையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பூசைப் பாத்திரத்தைத் துலக்குவதைப் போலத்தான் இதையும் செய்கிறேன்.

இல்லத்துக்குப் பத்து நிமிட நடை. தார்ச்சாலை சூடாவதற்கு முன் போய்விட வேண்டும். புறங்கையைத் தரையில் ஏழெட்டு வினாடி வைத்துப் பார்ப்பேன். என் கை பொறுக்கவில்லை என்றால் அவள் பாதமும் பொறுக்காது. நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, சாவு ஊர்வலம். மேளமும் பட்டாசுமாக எந்தத் தெருவில் எப்போது வரும் என்று தெரியாது. ஒருமுறை பாதி வழியில் சரவெடி வெடித்துவிட்டது. பன்னு நடுங்கிவிட்டாள். இறந்தவருக்காக ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, அன்று வீட்டுக்கே திரும்பிவிட்டோம். அந்த நிலையில் அவளை நோயாளிகள் முன்னால் நிறுத்துவது இரு பக்கத்துக்கும் அநியாயம்.

உள்ளே நான் வீடியோ எடுப்பதில்லை. அங்கே இருப்பவர்களின் பெயரையோ முகத்தையோ காட்டவும் மாட்டேன். சிலரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஓர் அம்மா இருக்கிறார். கை உடற்பயிற்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிஸ்டர் ஒரு சீப்பின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி அவர் கையில் வைத்தார். பன்னுவின் முதுகை ஒரு முறை வாரினார், இரண்டாம் முறை வாரினார். விரல்கள் நழுவின. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாரினார். பிசியோதெரபிஸ்ட் கேட்ட எண்ணிக்கையைவிட அதிகம் வாரிவிட்டுத்தான் நிறுத்தினார்.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள், பன்னுவை இன்றுவரை தொடாத இரண்டு பேர்.

ஒருவர் தாத்தா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டார். நானும் அங்கேயே நின்றுவிட்டேன். தெருநாய்க் கடியால் பிள்ளைகள் அவதிப்படும் ஊர் இது. எல்லோரும் என் நாயை விரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. நாலைந்து வாரம் கழித்து அந்தக் கோடியிலிருந்தே குரல் கொடுத்தார். "எனக்கு எட்டு வயதில் நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. இப்போதும் அப்படித்தான் போடுகிறார்களா?" இல்லை தாத்தா, இப்போது கையில் நான்கைந்து ஊசிதான், கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்கிறார்கள் என்றேன். அன்று பிடித்த பேச்சு, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய அண்ணன், அந்த அண்ணன் பிறகு கடலில் போனது என்று நீண்டது. இல்லத்துக்கு வந்து இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை என்றார் சிஸ்டர். தாத்தாவுக்கும் பன்னுவுக்கும் நடுவே பத்தடி தூரம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இன்னொருவர் ஒரு முஸ்லிம் பாட்டி. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பது அவருடைய நெறி. "அவள் வாசற்படியில் இருக்கட்டும் கண்ணு, நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பன்னுவும் வாசற்படியில் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் பாட்டி, தாகத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்ற நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவத்தை இறைவன் மன்னித்த கதையைச் சொன்னார். நபிகள் சொன்னது என்றார். நான் ரோக்கு கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "உங்கள் கதையில் நாய் மனிதனுக்குக் கொடுக்கிறது, எங்கள் கதையில் மனிதன் நாய்க்குக் கொடுக்கிறான். இரண்டும் ஒருவன் பார்வையில்தானே நடக்கிறது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நாங்கள் போவதற்குள் வாசற்படியில் ஒரு கிண்ணம் தண்ணீர் தயாராக இருக்கும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் முதல் நினைவு நாள் அன்று, எல்லா அறைக்கும் போவது என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். வழக்கமாக முக்கால் மணி நேரம்தான். அன்று ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. பன்னு கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கினாள், முகத்தைத் திருப்பினாள். களைத்துப்போன நாய் சொல்லும் சொற்கள் இவை. எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் இன்னும் ஒரு அறை, இன்னும் ஒரு அறை என்று இழுத்தேன். கடைசி அறையில் ஒருவர் அவளைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தபோது அவள் உறுமினாள். கடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் பயந்து பின்னால் சாய்ந்தார். நாற்காலி இருந்ததால் தப்பித்தார். அன்று இரவு நான் தூங்கவில்லை. நேர்ந்துகொண்டது நான், சுமந்தது அவள். என் பக்திக்கு அவளைப் பலியாக்கிவிட்டேன். மறுவாரம் அந்த அறைக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மாதம் பன்னுவைக் கூட்டிப்போகவில்லை. இப்போது அவள் வாசலில் நின்றுவிட்டால் அன்று போவதில்லை. நடுவில் கொட்டாவி விட்டால் "போதும்" என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் வால் எப்படி ஆடும் தெரியுமா? இதோ பாருங்கள், இப்போதே ஆடுகிறது.

சித்திக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஜெபமாலையை நான் விடவில்லை, போகும் வழியில் சொல்லிக்கொண்டே போகிறேன். உள்ளே போனதும் வாயை மூடிக்கொள்கிறேன். அங்கே யாருக்கும் நான் பிரசங்கம் செய்வதில்லை, துண்டுச் சீட்டு கொடுப்பதில்லை. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்றும் கேட்பதில்லை. அம்மாவின் கைக்குள் பன்னு தலையைக் கொடுத்ததைப் போல, எனக்கும் கொடுக்கத் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் ஒரு ஞாயிறு எங்களோடு வாருங்கள், சித்தி. நாயைத் தொட வேண்டியதில்லை. தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.

கீழே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் வைக்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் ஒரு கால் நகம் பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு, தண்ணீர் நிற்பதற்குள் பன்னுவைக் குளிப்பாட்ட வேண்டும். வருகிறேன்.