வாஷ்கெல்லர்ல கத்துக்கிட்ட ஜெர்மன்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கங்க. ஜெர்மன் படிக்க ஆரம்பிச்சிருக்கவங்களுக்கு ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. என்ன பேசலாம்னு யோசிச்சப்ப எனக்கு துணி துவைக்கிறதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, ஏன்னா இங்க ஜெர்மனிக்கு வந்த புதுசுல நான் வாயத் தொறந்து பேசின முதல் இடமே எங்க அபார்ட்மென்ட்டுக்கு கீழ இருக்கிற வாஷ்கெல்லர்தான். கெல்லர்னா நிலவறை. இங்க நிறைய பழைய வீடுகள்ல வாஷிங் மெஷின் எல்லாம் அங்கதான் இருக்கும்.

ஊர்ல ஏ ஒன்னுங்கிற ஆரம்ப நிலை ஜெர்மன் கோர்ஸ் முடிச்சிட்டுதான் வந்தேன், பேர் சொல்லத் தெரியும், மணி சொல்லத் தெரியும், ஆனா கடையில சோப்பு வாங்கப் போய் நின்னப்ப ஒண்ணுமே புரியல. நல்ல வாசனையா ஒரு பாட்டில் இருந்துச்சு, படத்துல மெத்துனு துண்டு அடுக்கி வச்சிருந்தாங்க, எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு மாசம் அதையே ஊத்தித் துவைச்சேன், துணியில வாசனை இருக்கு, காலர் அழுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது. கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் பாட்டிலப் பாத்துட்டு "வைஷ்ப்யூலர்"னு சொல்லி தலைய ஆட்டினாங்க. வைஷ்னா மெத்துனு, ஷ்ப்யூலன்னா அலசுறது, அதாவது கடைசி அலசல்ல துணிய மெத்துனு ஆக்குற கண்டிஷனர், அதுல அழுக்கு போகாது. அழுக்கெடுக்கிறது வாஷ்மிட்டல். பாத்திரம் கழுவுறதுக்கு ஷ்ப்யூல்மிட்டல், இத மெஷின்ல ஊத்திடாதீங்க, நுரை பொங்கி வெளிய வந்துடும். இந்த மூணு வார்த்தையையும் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கோங்க.

மெஷின் டிராயர்ல மூணு குழி இருக்கும். ரெண்டுன்னு கோடு போட்டதுல வாஷ்மிட்டல், பூ படம் போட்டதுல வைஷ்ப்யூலர், ஒண்ணுங்கிறது முன்துவைப்புக்கு, அது பெரும்பாலும் தேவைப்படாது. வாஷ்மிட்டல்லயும் வகை இருக்கு. ஃபோல்வாஷ்மிட்டல் பவுடர்ல வெளுக்கிற மருந்து கலந்திருக்கும், அது வெள்ளைத் துணிக்கு. கலர் துணிக்கு கலர்வாஷ்மிட்டல்னே தனியா விக்கும். டியூசல்டோர்ஃப்ல ஹெங்கல் கம்பெனி 1907ல பெர்சில்னு ஒரு பவுடர் கொண்டுவந்தாங்கல்ல, அந்தப் பேரே அதுக்குள்ள இருந்த பெர்போராட், சிலிகாட்ங்கிற ரெண்டு சரக்கோட முதல் எழுத்துகள எடுத்து வச்சதுதான், அப்ப அதுல பெர்போராட்தான் வெளுக்கிற வேலையச் செஞ்சுச்சு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். ஜெர்மன் வார்த்தை எல்லாம் ரயில் மாதிரி நீளமா இருக்குன்னு பயப்படுறாங்கல்ல, தமிழ் படிச்சவங்க பயப்படவே வேணாம். பள்ளிக்கூடத்துல வினைத்தொகைன்னு படிச்சோமே, ஊறுகாய், சுடுசோறு, குடிநீர்! வினையோட வேர எடுத்து பெயரோட ஒட்டுறது. வாஷன்னா துவைக்கிறது, அதுல வாஷ்ங்கிற வேர மட்டும் எடுத்து மஷீனெயோட ஒட்டினா வாஷ்மஷீனெ. குடிநீருக்கு ஜெர்மன்ல என்ன தெரியுமா, ட்ரிங்க்வாசர், ட்ரிங்க்னா குடி, வாசர்னா தண்ணி, அப்படியே நம்ம குடிநீர்! இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம், யாரோ சொந்தக்காரங்கள பாத்த மாதிரி இருந்துச்சு.

நமக்குக் கஷ்டம் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்து அதோட பாலக் காட்டுற டெர், டீ, டஸ்தான். தமிழ்ல சட்டையும் அதுதான், பாவாடையும் அதுதான், எல்லாம் அஃறிணை. இங்க பாவாடை டெர் ரோக், ஆண்பால். பேன்ட் டீ ஹோஸெ, பெண்பால். சட்டை டஸ் ஹெம்ட், ரெண்டும் இல்லாத பால். காரணம் தேடாதீங்க, வார்த்தையோட சேத்தே படிச்சிடுங்க. ஒரே ஒரு உதவி இருக்கு, ஒட்டு வார்த்தையில கடைசித் துண்டு எதுவோ அதோட பால்தான் மொத்தத்துக்கும். மஷீனெ டீ, அதனால டீ வாஷ்மஷீனெ. மிட்டல் டஸ், அதனால டஸ் வாஷ்மிட்டல். துணி காயவைக்கிற மெஷின் டெர் ட்ரோக்னர். பாருங்க, ஒரே ரூம்ல மூணு பாலும் வந்துடுச்சு.

மெஷின் மேல எழுதியிருக்கிறத வேகமா சொல்லிடுறேன். கோஹ்வெஷென்னா கொதிக்கிற சூடு, 95 டிகிரி, வெள்ளைத் துண்டு, படுக்கை விரிப்புக்கு. புண்ட்வெஷெ கலர் துணிக்கு, ஃபைன்வெஷெ மெல்லிசு துணிக்கு, பட்டு, கம்பளி எல்லாம் 30 டிகிரிக்கு மேல போகவே வேணாம். ஷ்லோய்டர்ன்னா சுத்திப் பிழியுறது. ஃப்ளூஸன்ஸீப்னா பஞ்சு, நூல் சேருற சல்லடை, ட்ரோக்னர் ஓட்டி முடிச்சதும் அதச் சுத்தம் பண்ணிட்டுதான் வரணும், இல்லன்னா அடுத்தவங்க கோவிச்சுக்குவாங்க, அவங்க கோவம் நியாயம்தான்.

வினைச்சொல்லுக்கும் நம்ம காது நல்லா உதவும். இஷ் ஷால்டெ டீ மஷீனெ ஐன், இதுக்கு மெஷின ஆன் பண்றேன்னு அர்த்தம். கடைசியில ஐனுக்குப் பதிலா அவுஸ்னு வந்தா ஆஃப் பண்றேன். ஒரு வாக்கியம் முழுக்க ஒண்ணா இருந்துட்டு கடைசிச் சின்னத் துண்டுல தலைகீழா மாறிடுது. தமிழ்லயும் வினை கடைசியிலதான வரும், "போட்டேன்"னு முடியுதா, "போடல"ன்னு முடியுதான்னு கடைசி வரைக்கும் காத்திருந்து கேக்கிறவங்கதான நாம. அதே பொறுமைய இங்கயும் வச்சுக்கிட்டா போதும். துணி காயப்போடுறேன்னா இஷ் ஹெங்கெ டீ வெஷெ அவுஃப், அங்கயும் அவுஃப் கடைசியிலதான்.

கெல்லர்ல தெரியாதவங்கள பாத்தா "ஸீ"ன்னு பேசுங்க, அது நம்ம நீங்க. "இஸ்ட் டீ மஷீனெ ஃப்ரை?" மெஷின் காலியா இருக்கா? "வீ லாங்கெ டவர்ட் எஸ் நோஹ்?" இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்? நான் முதல் ஆறு மாசம் இந்த ரெண்டு கேள்வியத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன், பதில் சொன்னவங்க மெதுவா அடுத்த கேள்வி கேட்டாங்க, எந்த ஊரு, என்ன வேலைன்னு, அப்படித்தான் பேச்சு வளர்ந்துச்சு.

இன்னிக்கு வீட்ல துணி எடுக்கிறப்ப ஒண்ணு செய்ங்க. ஈரமா இருக்கிறதத் தொட்டு "நஸ்"னு வாய்விட்டு சொல்லுங்க, காஞ்சதத் தொட்டு "ட்ரோக்கன்"னு சொல்லுங்க, மடிக்கிறப்ப ஒவ்வொண்ணா டெர் ரோக், டீ ஹோஸெ, டஸ் ஹெம்ட்னு சொல்லிக்கிட்டே அடுக்குங்க. நன்றிங்க, வணக்கம்.