ஜான்சிபார் சிவப்பு கொலோபஸ் குரங்கு: ஜோசானி காட்டுக்கு ஒரு நாள் பயணம், முழு விவரம்

வணக்கம் மக்களே. இப்போ நான் நிக்கிறது டான்சானியா நாட்டு ஜான்சிபார்ல, ஜோசானி காட்டு வாசல்ல. ஜான்சிபாரோட பழைய நகரமான ஸ்டோன் டவுன்ல இருந்து தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர். இங்க எல்லாரும் வர்றது ஒரே ஒரு குரங்குக்காகத்தான், சிவப்பு கொலோபஸ். இந்த இனம் உலகத்துல வேற எங்கயும் இயற்கையா கிடையாது. நான் நிக்கிற இந்த உங்குஜா, அதாவது ஜான்சிபாரோட முக்கியத் தீவு, அதை ஒட்டி இருக்கிற உஸி மாதிரி சின்னத் தீவு, அவ்வளவுதான். 2017-ல வெளிவந்த கணக்கெடுப்புல 5,800-க்கு மேல இருக்குன்னு வந்துச்சு. அதுக்கு முன்னாடி நினைச்சுட்டு இருந்ததை விட அது ரொம்ப அதிகம். ஆனாலும் அழியும் ஆபத்துல இருக்கிற இனம்தான்.

இந்த வீடியோவுல எப்போ வரணும், எப்படி வரணும், உள்ள என்ன நடக்கும், எங்க சொதப்பும், எல்லாம் சொல்றேன். முதல்ல இந்தக் குரங்கோட வயித்தைப் பத்தி சொல்லிடறேன். அது புரிஞ்சுதுன்னா மத்த எல்லா விதியும் தானா புரியும்.

நம்ம ஊர்ல கோயில்ல, மலைப்பாதையில பார்க்கிற நாட்டுக்குரங்குக்குக் கன்னத்துல பை இருக்கும். கிடைச்சதை அடைச்சுக்கிட்டு ஓடும், எதையும் தின்னும். கொலோபஸ் அந்த வகை இல்லை. நீலகிரியில பார்க்கிற கருமந்திக்குச் சொந்தம் இது. இலை தின்னி. வயிறு பல அறையா பிரிஞ்சு, மாட்டு வயிறு மாதிரி உள்ளயே இலையைப் புளிக்க வச்சு, அதுல இருக்கிற நுண்ணுயிரியை வச்சு செரிக்கும். இளந்தளிர், மொட்டு, காய், இதுதான் சாப்பாடு. நல்லா பழுத்த இனிப்புப் பழம் உள்ள போச்சுன்னா சர்க்கரை சட்டுனு புளிச்சு வயித்துல அமிலம் ஏறிடும். அதனால வாழைப்பழத்தை நீட்டறது இதுக்குச் செய்ற பாவம். தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

இதே வயிறுதான் நேரத்தையும் முடிவு பண்ணுது. காலையில சாப்பிடும், வயிறு நிறைஞ்சதும் வெயில் நேரத்துல கிளையில சாஞ்சு படுத்துடும், செரிக்க மணிக்கணக்கா ஆகும், சாயங்காலம் திரும்ப இறங்கி மேயும். இங்க வர்ற டூர் வண்டியில பாதிக்கு மேல கிராம்பு, பட்டை விளையற வாசனைத் தோட்டத்தை முடிச்சிட்டு 11 மணி, 12 மணிக்குத்தான் இங்க வரும். அப்போ மேல பார்த்தா தொங்குற வாலு நாலு தெரியும், அதோட சரி. பார்த்தாச்சுன்னு கணக்குல வரும், ஆனா பார்த்தது ஒண்ணும் இருக்காது. காலையில திறக்கிற நேரம், ஏழரை மணி வாக்குல, வாசல்ல நில்லுங்க. முடியலைன்னா மதியம் 3 மணிக்கு மேல வாங்க. 5 மணிக்கு மூடிடுவாங்க, அதனால மூணரையைத் தாண்ட விடாதீங்க.

நேரம் பேசும்போது ஒரு விஷயம் கவனிங்க. சுவாஹிலியில மணிக்கணக்கு விடியல்ல இருந்து ஆரம்பிக்கும். டிரைவர் 'சா மோஜா'ன்னு சொன்னா ஒரு மணி இல்லை, காலை 7 மணி. 'சா ம்பிலி'ன்னா 8 மணி. மெசேஜ்ல வெறும் '2'ன்னு போட்டா ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்குவாங்க. 'காலை 7, சூரியன் வந்த பிறகு'ன்னு தெளிவா சொல்லி உறுதி பண்ணிடுங்க.

வர்றதுக்கு மூணு வழி. ஹோட்டல் மூலமா டூர், தனி டாக்ஸி, இல்லைன்னா டாலா டாலான்னு சொல்ற ஷேர் வண்டி. டாலா டாலாவுல ஜம்பியானி போற 309, மக்குண்டுச்சி போற 310 ரெண்டும் இந்த ரோட்டுலதான் வரும். ஏறும்போதே கண்டக்டர்கிட்ட 'ஜோசானி'ன்னு சொல்லிடுங்க, வாசல்லயே இறக்கி விடுவார். செலவு ரொம்பக் கம்மி. ஆனா வண்டி ஆள் நிறைஞ்சாதான் கிளம்பும், வழியெல்லாம் நின்னு நின்னு வரும். டாக்ஸியில முக்கால் மணி நேரம்னா இதுல ஒண்ணரை மணிக்கு மேல பிடிக்கும். காலையில குரங்கு பார்க்கணும்னா டாக்ஸிதான் சரி, அதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்லை. திரும்பிப் போக வேணும்னா டாலா டாலா வச்சுக்கலாம். சொந்தமா கார், ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கறவங்க ஜான்சிபார் ஓட்டுநர் பெர்மிட் வாங்காம கிளம்பாதீங்க. வழியில போலீஸ் செக்போஸ்ட் இருக்கு, நம்ம ஊர் லைசென்ஸ் மட்டும் காட்டினா போதாது. வண்டி இடது பக்கம்தான் ஓட்டணும், அதுல நமக்குக் கஷ்டம் இல்லை.

காட்டை நெருங்கினதும் ரோட்டுல வேகத்தடை வரிசையா வரும், பார்த்திருப்பீங்க. அது சும்மா போட்டது இல்லை. ரோட்டுக்கு நல்ல தார் போட்ட பிறகு வண்டி வேகம் கூடி, குறுக்க வர்ற கொலோபஸ் நிறைய அடிபட்டுச் செத்துச்சு. வேகத்தடை வந்த பிறகு சாவு குறைஞ்சுது, நிக்கலை. டிரைவர் வேகமா ஓட்டினா 'போலே போலே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மெதுவாப் போயிடுவார்.

இப்போ டிக்கெட். வாசல்ல ஆபீஸ் இருக்கு. நுழைவுக் கட்டணத்துலயே கைடு சேர்த்தி. அதனால வெளியில யாராவது 'கைடுக்குத் தனியா இவ்வளவு'ன்னு சொன்னா நேரா கவுண்டருக்குப் போங்க. கடைசியில டிப்ஸ் கொடுக்கறது வேற, அது உங்க விருப்பம். ஆனா நல்லா காட்டின ஆளுக்குத் தாராளமா கொடுங்க. கட்டணம் அவ்வப்போது ஏறும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஹோட்டல்ல கேட்டுக்கோங்க. கார்டும் வேணும், ரொக்கமும் வேணும். டாலர் கொண்டு வந்தா புது வரிசை நோட்டா, கிழியாம, கறை இல்லாம இருக்கணும். பழைய நோட்டை இந்த நாட்டுல பல இடத்துல வாங்கவே மாட்டாங்க.

டிக்கெட் காசுல ஒரு பங்கு சுத்தி இருக்கிற ஊர்களுக்குப் போகுது, இதை நான் முக்கியமா நினைக்கிறேன். ஏன்னா குரங்கு காட்டுக்குள்ள மட்டும் இல்லை, பக்கத்துத் தோட்டத்துலயும் மேயுது. நம்ம தேங்காயைப் பூராவும் அழிக்குதுன்னு விவசாயிங்க ரொம்ப நாள் கோபத்துல இருந்தாங்க. 1999-ல வந்த ஒரு ஆய்வு, குரங்கு குரும்பையைத் தின்னாலும் அதனால விளைச்சல் குறையலைன்னு காட்டுச்சு. மரம் எப்படியும் உதிர்க்கப் போற பிஞ்சுல ஒரு பகுதியைத்தான் அது எடுத்துக்குது. ஆனா காய்கறி, பழத்துல நஷ்டம் நிஜம். அதனாலதான் இந்தப் பங்கு. டிக்கெட் இல்லாம ரோட்டோரமா நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறவங்க அந்த விவசாயியோட காசைத்தான் மிச்சம் பிடிக்கிறாங்க.

உள்ள மூணு பகுதி. காட்டு நடை, கொலோபஸ் கூட்டம் மேயுற இடம், அலையாத்திக் காட்டு மரப்பாலம். மொத்தம் ஒண்ணரையில இருந்து ரெண்டு மணி நேரம் வேணும். கூட்டம் அதிகமா இருந்தா சில பேர் 40 நிமிஷத்துல முடிச்சு அனுப்பப் பார்ப்பாங்க. ஆரம்பத்துலயே கைடுகிட்ட 'மூணும் பார்க்கணும், குரங்குகிட்ட குறைஞ்சது அரை மணி நேரம் உக்காரணும்'னு மரியாதையா சொல்லிடுங்க. அதோட, 'முதல்ல குரங்கு, அப்புறம் காடு'ன்னும் கேளுங்க. காலையில அது மேயற நேரத்தை மர விளக்கத்துல விட்டுடக் கூடாது.

காட்டு நடையைச் சுருக்கமா சொல்லிடறேன். நிலத்தடி நீர் ரொம்ப மேல இருக்கிற காடு இது. மார்ச்ல இருந்து மே வரைக்கும் பெருமழைக் காலம், அப்போ சில பாதை தண்ணியில முங்கிடும். உயரமா நிக்கிற மரத்துல நிறைய நம்ம புன்னை மரம்தான். கைடு மஹோகனின்னு சொல்வார், இலையைப் பாருங்க, புன்னைதான். பாதையில கறுப்பு எறும்புச் சாரை குறுக்க போகும். அதுல மிதிச்சா செருப்புக் காலோட நின்னவங்க கதி அவ்வளவுதான். மூடின ஷூ, சாக்ஸ், முழுநீள பேன்ட், கொசு மருந்து, இது நாலும் கட்டாயம். வழியில எல்லாம் முஸ்லிம் கிராமம், தோளும் முட்டியும் மூடின உடுப்பா போட்டுக்கிட்டா நல்லது. பிளாஸ்டிக் பை கொண்டு வராதீங்க, 2006-லயே இங்க தடை.

சரி, இப்போ கேமராவைத் திருப்புறேன். சத்தம் குறைச்சுப் பேசறேன். அந்த பாதாம் மரத்துல பாருங்க. நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல நிக்கும்ல, அகல இலை நாட்டு வாதுமை, அதேதான். முதுகு செங்காவி, தோளும் கையும் கறுப்பு, வயிறு வெள்ளை. முகம் கறுப்பு, மூக்கு உதட்டைச் சுத்தி மட்டும் ரோஜா நிறம். நெத்தியைச் சுத்தி நீள நீளமா வெள்ளை முடி. கையைக் கவனிங்க. கட்டைவிரல் கிடையாது, பேருக்கு ஒரு புடைப்பு மட்டும். நாலு விரலையும் கொக்கியா வளைச்சு கிளையை இழுக்குது. முத்தின இலையைத் தொடவே இல்லை. நுனியில இருக்கிற தளிரை வாயால நேரா உருவுது. பக்கத்துல குட்டி, அதுக்குச் சிவப்பு இன்னும் சரியா வரலை.

இந்த வாதுமை இலையிலயும் மா இலையிலயும் செரிமானத்தைக் கெடுக்கிற வேதிப்பொருள் நிறைய இருக்கு. இந்தக் குரங்கு அதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. கரி தின்னும். எரிஞ்ச கட்டை, கரிமூட்டம் போட்ட இடம், இங்கெல்லாம் போய்க் கரித்துண்டை எடுத்துக் கடிக்கும். குரங்கு ஆய்வாளர் தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் குழு 1990-கள்ல இதை ஆராய்ஞ்சு, அந்தப் பொருளைக் கரி உறிஞ்சிக்குதுன்னு காட்டினாங்க. அதனாலதான் தோட்ட மரங்களையும் நம்பி இதுங்களால வாழ முடியுது. கைடுகிட்ட 'கரி தின்ற இடம் எது?'ன்னு கேளுங்க. நல்ல கைடுன்னா முகம் மலர்ந்து கூட்டிட்டுப் போவார்.

இன்னொரு குரங்கும் இங்க இருக்கு, சைக்ஸ் குரங்கு. சாம்பல் நிறம், கழுத்துல வெள்ளை. இது கன்னப்பைக்காரன், பையைத் திறந்து பார்க்கிற ஆள். பையில தின்பண்டம் இருந்தா காரிலயே வச்சிட்டு வாங்க.

தூரம். 3 மீட்டர் விட்டு நிக்கணும்னு விதி. ஒரு ஆள் உயரத்தை ரெண்டு மடங்கா நினைச்சுக்கோங்க, 3 மீட்டர் அதை விடக் கொஞ்சம் கம்மி. கஷ்டம் என்னன்னா, இதுங்க பல வருஷமா மனுஷனைப் பார்த்துப் பழகினதால தானாவே ஒரு மீட்டர்ல வந்து உக்காரும். அப்போ நீங்க மெதுவாப் பின்வாங்குங்க. குறுக்க நிக்காதீங்க, அதுவும் தாய் ஒரு பக்கம் குட்டி ஒரு பக்கமா இருந்தா நடுவுல போகவே கூடாது. செல்ஃபிக்கு முதுகு காட்டித் திரும்பறவங்கதான் தூரத்தைத் தவறவிடறாங்க. நம்ம சளி, காய்ச்சல் இதுங்களுக்குத் தொத்தும். இருமல் இருந்தா அன்னிக்கு வராதீங்க. வந்தே ஆகணும்னா மாஸ்க் போட்டு பின்னால நில்லுங்க. நேர் கீழே நிக்காதீங்க, இலை தின்ற வயிறு, மேல இருந்து எது வேணா விழும். கடியோ கீறலோ பட்டுச்சுன்னா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி. சின்னக் கீறல்தானேன்னு விடக் கூடாது, வெறிநாய்க்கடி ஊசி தேவையான்னு டாக்டர்தான் சொல்லணும்.

கேமராவுக்கு 70-200 லென்ஸ் தாராளம். மரத்தடி இருட்டு, பின்னால வானம் வெளிச்சம், அதனால தானியங்கி அளவீடு கறுப்பு முகத்தை மொத்தமா இருட்டாக்கிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைங்க. தாவறதைப் பிடிக்க 1/500-க்குக் குறையாத ஷட்டர் வேகம் வேணும், அதுக்கு ஐஎஸ்ஓ-வை ஏத்திக்கோங்க. ஃபிளாஷ் கிடையாது. போன்ல எடுக்கறவங்க முகத்துல அழுத்தி வெளிச்சத்தைக் கையால ஏத்துங்க.

கடைசிப் பகுதி மரப்பாலம், இங்க இருந்து ஒரு கிலோமீட்டர் வாக்குல. டாக்ஸி காத்திருந்தா அதுலயே போயிடலாம். பிச்சாவரம் பார்த்தவங்களுக்கு இந்த வேர் பழக்கமானது. அதே சுரபுன்னை இனம் இங்கயும் நிக்குது. கடல் ஏறி இருந்தா பாலத்துக்குக் கீழ தண்ணி, சின்ன மீன். வத்தி இருந்தா சேறு, நண்டு, துப்புரவா தெரியற வேர். எது வேணும்னு நீங்க முடிவு பண்ணி அன்னிக்கு ஓத அட்டவணையைப் பாருங்க, ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் சுமார் 6 மணி நேர இடைவெளி. ஆனா குரங்கு நேரமும் ஓத நேரமும் ஒத்துப் போகலைன்னா குரங்கு நேரத்தையே வச்சுக்கோங்க.

டூர் புக் பண்றவங்க முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஜோசானி வாசலுக்கு எத்தனை மணிக்கு வண்டி போய்ச் சேரும்? உள்ள எவ்வளவு நேரம்? நுழைவுக் கட்டணம் சேர்த்தியா? பதிலை வாட்ஸ்அப்புல எழுத்துல வாங்கிக்கோங்க. 'ஜோசானி, வாசனைத் தோட்டம், சிறைத்தீவு ஒரே நாள்ல'ன்னு யாராவது சொன்னா, ஜோசானியை முதல்ல வைக்கச் சொல்லுங்க. மாட்டேன்னா வேற ஆளைப் பாருங்க. சரி மக்களே, அந்தக் கூட்டம் இப்போ ரோட்டைக் கடக்கப் போகுது, கைடு வண்டியை நிறுத்தக் கை காட்டிட்டு இருக்கார். நான் ஓரமா ஒதுங்கிக்கிறேன்.