தேருக்கும் கட்டை, பாட்டுக்கும் கட்டை

(இசைத்துறை மாணவர் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, கலைப்புல முதன்மையர் அவர்களே, காரில் வந்து இறங்கியதிலிருந்து நான்கு முறை காபி கொடுத்து உபசரித்த துறைத் தலைவர் அம்மா அவர்களே, நகர்மன்றத்திலிருந்து நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, ஒலிபெருக்கித் தம்பியே, பேராசிரியர்களே, பெற்றோர்களே, கடைசி வரிசையில் மடியை மிருதங்கமாக நினைத்துத் தட்டிக்கொண்டிருக்கும் என் அருமைப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

துணைவேந்தர் ஐயா அடுத்த கூட்டத்துக்குச் செல்ல வேண்டியவர். இருந்தும் உட்கார்ந்திருக்கிறார். அவர் இருக்கும்போதே கேட்க வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உரிய இடத்தில் கேட்பேன். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. நான் வயலின்காரி. வீட்டில் இருக்கும் பொன்னாடைகள் எல்லாம் வயலின் பெட்டிக்குள்தான் போயிருக்கின்றன. இதுவும் அங்கேதான் போகும். மிக நல்ல மெத்தை.

'வாத்திய விருந்தாவும் மாணவர் வாழ்வும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் சேர்ந்த வருடம் அறிவிப்புப் பலகையில் 'வாத்திய விருந்தா, மாலை 4 மணி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, விருந்து என்று நினைத்து விடுதிப் பிள்ளைகள் நான்கு பேர் தட்டோடு வந்துவிட்டார்கள். விருந்தா, அதாவது பிருந்தம், என்றால் கூட்டம். பல கருவிகள் கூடி ஒன்றாக வாசிப்பது. 1952இல் அகில இந்திய வானொலி டெல்லியில் வாத்திய விருந்தா தொடங்கியபோது, இந்துஸ்தானிப் பக்கம் ரவிசங்கரும் கர்நாடகப் பக்கம் டி.கே.ஜெயராம ஐயரும் அதை நடத்தினார்கள். அந்தப் பெயர்தான் கல்லூரிகள் வரை வந்து சேர்ந்தது.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, கட்டை. இரண்டு, காது. மூன்று, மதிப்பெண். மூன்றையும் ஒரே பழமொழியில் கட்டிவிடலாம்: ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். என் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். வகுப்பில் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்வேன். சிரிக்கட்டும்.

முதலில் கட்டை, அதாவது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த பெயர் இது என்பது உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்காகச் சொல்கிறேன். ஆண் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண் குரல் ஐந்து, ஐந்தரை. வீணைக்கு இரண்டரை, மூன்று வசதி. புல்லாங்குழல்காரர் பைக்குள் கட்டைக்கு ஒரு குழல் வைத்திருப்பார். ஆனாலும் அவருக்குப் பிரியமானது ஒன்றுதான், அதை விட்டு இறங்கமாட்டார். கடம் பாவம், சூளையில் என்ன சுருதி பிறந்ததோ அதுதான். பிசினோ மண்ணோ வைத்துக் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற முடியாது. நாகஸ்வரம் வந்து உட்கார்ந்தால் மற்ற எல்லாரும் அதன் பின்னால் போக வேண்டியதுதான். நாலு மணிக்குக் கூடினால் நாலரை வரை கட்டைச் சண்டை. சண்டை ஓய்ந்து சுருதிப் பெட்டியைத் தேடினால், பெட்டிக்கு மின்சாரம் இல்லை. கைபேசியில் சுருதி வைத்தால் பல்லவி எடுக்கும்போது யாரோ கடன் வேண்டுமா என்று அழைப்பார்கள்.

கட்டை முடிந்தால் பாடாந்தரம், குருவழியாக வருகிற பாட்டின் வடிவம். நான்கு மாணவர்கள் நான்கு குருவிடம் கற்று வந்திருக்கிறார்கள். கிருதி ஒன்றுதான், நான்கு பேருக்கும் நான்கு சங்கதி. "எங்கள் சார் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்" என்ற ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எட்டுப் பேர் ஒரே மாதிரி அசைப்பது லேசான காரியமா? அதனால்தான் எல்லாக் கல்லூரிக் குழுவும் அவ்வளவு அசைவு கேட்காத கதனகுதூகல ராகத்தில் போய் நிற்கிறது. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் 'ரகுவம்ச சுதா' இல்லாத இளைஞர் விழாவை நான் பார்த்ததில்லை. அது போனால் ஹம்ஸத்வனி, அதுவும் போனால் மேற்கத்திய மெட்டில் அமைந்த தீட்சிதரின் நோட்டு ஸ்வரம். குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு வருடம் துணிந்து தோடியைத் தொட்டுப் பாருங்கள். காந்தாரத்தில் மட்டும் மூன்று வாரம் போகும். அந்த மூன்று வாரத்தில் பக்கத்தில் இருப்பவன் எப்படி மூச்சு விடுகிறான் என்பது வரை தெரிந்துவிடும்.

ஒத்திகைக்கு முழு ஆள் கிடைப்பதும் பெரும்பாடு. தையும் வைகாசியும் வந்தால் நாகஸ்வரப் பிள்ளைகளும் தவில் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கமாட்டார்கள். முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓர் ஊர், தாலி கட்டுக்கு இன்னோர் ஊர். வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட எனக்கு மனம் வந்ததில்லை, அந்தச் சம்பளத்தில்தான் பலர் விடுதிக் கட்டணம் கட்டுகிறார்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்கு அறுவடை மாதங்கள். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும், ஊர் முதலில் கூட வேண்டுமே!

இங்கே ஒரு கதை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

1986. நான் இரண்டாம் ஆண்டு. பதினொரு பேர், தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போட்டிக்குப் புறப்பட்டோம். இரண்டு வயலின், இரண்டு வீணை, குழல், மிருதங்கம், கடம், மோர்சிங், தம்புரா, இப்படி. சாதாரண பஸ். நடத்துநர் வீணைப் பெட்டியைப் பார்த்தார். "ஆள் உயரம் இருக்கிறதே, இதற்கும் டிக்கெட் போடவா?" என்றார். லக்கேஜ்தான் என்று எங்கள் ஆசிரியர் வாதாடினார். மிருதங்கத்தை மேலே ஏற்றச் சொல்லிவிட்டார். உறை போட்டிருக்கிறதே என்று நாங்களும் ஏற்றிவிட்டோம். கடத்தை மட்டும் கடக்காரன் விடவில்லை. மானாமதுரைக் கடம், சுவர் தடிப்பு, நல்ல கனம். வேட்டியில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தான். அவன் நின்றபடி வருவதைப் பார்த்த ஒரு பாட்டி, "கொடு தம்பி, நான் வைத்துக்கொள்கிறேன். உள்ளே தயிரா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வெறும் பானை என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய ஏமாற்றம். "வெறும் பானைக்கா இத்தனை வேட்டி?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

புதுக்கோட்டை தாண்டி, திருமயம் வருவதற்குள் மாடு ஒன்று குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். பாட்டியின் தக்காளிக் கூடை கவிழ்ந்து பஸ் முழுக்கத் தக்காளி உருண்டது. பாட்டி கூடையைப் பிடிக்கவில்லை, இரண்டு கையாலும் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பதினொரு பேரும் இருக்கைக்கு அடியில் தவழ்ந்து தக்காளி பொறுக்கினோம். "பானைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று மேலூரில் இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

கடம் பிழைத்தது. ஆனால் திருப்பத்தூர் தாண்டி மழை. மதுரையில் இறங்கி உறையைக் கழற்றினால் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப் பக்கத் தோல், ஊறிப்போய், தட்டினால் நனைந்த அட்டையைத் தட்டுவது போலச் சத்தம். இரவு எட்டரை மணி. மறுநாள் காலை பத்து மணிக்குப் போட்டி. மிருதங்கம் வாசிப்பவன் தூணில் சாய்ந்து அழுதுவிட்டான்.

கோயில் வாசலில் நின்ற ஒரு நாகஸ்வரக்காரர்தான் சந்துக்குள் ஒரு வீட்டைக் காட்டினார். அங்கே ஒரு பெரியவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மிருதங்கத்தை வாங்கி விளக்கருகே திருப்பிப் பார்த்தார், ஒரு விரலால் தட்டினார், இலையை மூடிவிட்டு எழுந்தார். தயாராக வைத்திருந்த ஒரு மூட்டு, அதாவது மிருதங்கத்தின் தோல் முகப்பு, எடுத்தார். பழைய தோல் வாரை அவிழ்த்தார். நாங்கள் இரண்டு பேர் கட்டையைப் பிடிக்க, அவர் காலை உதைத்துக்கொண்டு வாரை இழுத்தார். அப்பா, அந்த உள்ளங்கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வார் அறுத்த தழும்பு குறுக்கும் நெடுக்குமாக, தேய்ந்த தேர்வடம் போல. இழுப்பார், கல்லால் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், மறுபடி இழுப்பார். விடியற்காலை மூன்றரை மணிக்கு என் வயலினை வாசிக்கச் சொன்னார். நான் ஸட்ஜம் போட, அவர் புள்ளை, வாருக்கு அடியில் செருகும் மரத்துண்டை, அரை விரல் இறக்கினார். இரண்டும் ஒட்டிக்கொண்டன. மூட்டுக்கு உரிய காசை மட்டும் வாங்கிக்கொண்டார், கூலி வாங்கவில்லை. "நாளைக்கு வந்து கேட்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. வாசலில் நின்ற தொண்டர், அட்டை இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார். நாங்கள் மேடையில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. வெளியே வேப்பமரத்தடியில், ஜன்னல் ஓரமாக நின்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு மூன்றாம் பரிசு. வந்திருந்ததே மூன்று குழுதான் என்பதை நான் எங்கும் மறைத்ததில்லை. சான்றிதழில் பதினொரு பெயர். வெளியே வந்து அவரைத் தேடினோம், போய்விட்டார். அப்போதுதான் தெரிந்தது, பதினொரு பேரில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

துணைவேந்தர் ஐயா, உரிய இடம் வந்துவிட்டது.

திருவாரூர்த் தேர் 96 அடி உயரம். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். சக்கரத்துக்குக் கீழே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் மூலை திரும்புவது அவர் போடும் கட்டையில்தான். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் அவர் இல்லாமல் தேர் நிலைக்கு வருவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கலாம், கட்டை போட ஆள் வேண்டும்.

நம் துறையில் மிருதங்க ஆசிரியர் இருக்கிறார், வீணை ஆசிரியர் இருக்கிறார். பழுது பார்ப்பவர் இல்லை. வெயிலில் வீணையின் மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டு என்னும் உலோகக் கட்டை நகர்ந்தால் அதைத் தஞ்சாவூருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 24 மெட்டையும் உட்கார்த்தி, காதால் சரி பார்த்து வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பெண் ஒத்திகையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் மானாமதுரை மண்பாண்டத்துக்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறோம், மகிழ்ச்சி. அதைச் செய்கிற கைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறோமா? கேட்டால், பட்டம் இருக்கிறதா என்கிறார்கள். தோலைத் தொட்டு வேலை செய்கிறவரை மேடைக்குக் கீழேயே வைத்துப் பழகிவிட்டோம் என்பதை நாமாவது ஒப்புக்கொள்வோம். அந்தத் தோல் இல்லாமல் எந்த மகாவித்துவானின் தனி ஆவர்த்தனமும் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. ஓர் அறை, மரப்பட்டறை ஒன்று, மாதச் சம்பளத்தில் ஒரு கைவினைஞர், அவரோடு வாரம் இரண்டு மணி நேரம் மாணவர்கள் உட்கார்வது. தம் கருவியின் வாரைத் தாமே இழுக்கத் தெரிந்த மாணவர்கள் இங்கிருந்து வெளியே போகட்டும். நான்கு ஆண்டுகளாக இந்த மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். போகும் இடமெல்லாம் நல்ல யோசனை என்கிறார்கள். காபியும் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி, காது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் குழல்வழி யாழ் நிற்கிறது, யாழ்வழி தண்ணுமை, அதன்பின் முழவு, முழவோடு ஆமந்திரிகை என்று தோற்கருவிகள். ஒவ்வொரு கருவியும் முன்னால் போகும் கருவியைக் கேட்டு அதன் வழியில் நிற்பதாக இளங்கோ சொல்கிறார். 'வழி' என்ற அந்தச் சொல்லை விரித்தாலே ஒரு மணி நேரம் ஆகும். துறைத் தலைவர் அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார், 'ஐந்து நிமிடம்' என்று. இதோ இரண்டாவது சீட்டும் வருகிறது.

மூன்றாவது, மதிப்பெண். தனி வாய்ப்பாட்டுக்கும் தனி வாத்தியத்துக்கும் இருக்கிற மதிப்பெண் குழு இசைக்கு ஏன் இல்லை என்று கேட்க நினைத்தேன். பாடத்திட்டக் குழுவினர் முதல் வரிசையில்தான் இருக்கிறார்கள், வெளியே காபி குடிக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

மனு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மாணவர்களும் கையெழுத்துப் போடலாம், பெற்றோர்களும் போடலாம். துணைவேந்தர் ஐயாவும் போடலாம் என்று சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். அவருக்குத் தனிப் பிரதி வைத்திருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு பேனா போய்விட்டது.

திரைக்குப் பின்னால் பிள்ளைகள் சுருதி சேர்க்கிறார்கள். வலப் பக்கத்து வயலினில் பஞ்சமம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, யாராவது போய்ச் சொல்லுங்கள். நானே போகிறேன், மைக்கை அணைத்துவிடுங்கள் தம்பி. வணக்கம்.