நஞ்சுக்கொடி அனுப்பும் செய்தி

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் பங்குனி பிறந்தாலே கர்ப்பிணிகளின் கால் வீக்கம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். "இந்த வெயிலுக்கு வீங்கத்தான் செய்யும்" என்று பக்கத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் கையும் முகமும் சேர்ந்து வீங்கி, தலைவலி விடாமல் இருந்து, கண்ணும் மங்கினால் வெயில் மேல் பழிபோட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் நம்மவர்கள் உப்பு என்று சொல்லும் புரதமும் இறங்கினால், அது பிரீ-எக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து.

இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அங்கே நடக்கும் அழற்சியையும், அதை ஏற்றி இறக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய மூலக்கூறுகளையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கிருமியையோ காயத்தையோ உடம்பு எதிர்க்கும்போது அந்த இடம் சூடாகி வீங்குமே, அதுதான் அழற்சி. அதைக் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கரு கருப்பைச் சுவரில் பதியவே கொஞ்சம் அழற்சி வேண்டும். நடு மாதங்களில் அது அடங்கிக் கிடக்க வேண்டும். பிரசவ வலி எடுக்கும்போது மறுபடியும் தலைதூக்கும். நேரம் தவறி வந்தால்தான் தொல்லை. கருப்பையில் கிருமித் தொற்று உண்டாகி, குறைமாதத்திலேயே வலி எடுத்துவிடுவது அப்படித்தான்.

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது? மரபணுவில் உள்ள குறிப்பு முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். அதைப் பார்த்துத்தான் செல் புரதம் தயாரிக்கும். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., அந்தத் தூதின் வால் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். புரதம் குறைந்துவிடும். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2024-இல் அதற்காகவே நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 146ஏ-வை எடுத்துக்கொள்வோம். செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பிவிடும் முக்கியப் புரதம் என்.எஃப். கப்பா பி. அது முடுக்கிவிடும் மரபணுக்களில் 146ஏ-வின் மரபணுவும் ஒன்று. அப்படிப் பிறந்த 146ஏ, கப்பா பி-க்குச் சேதி கொண்டுபோகும் டிராஃப் 6, ஐராக் 1 என்ற இரண்டு புரதங்களைக் குறைக்கும். உலை பொங்கும்போது விறகடுப்பிலிருந்து கொள்ளியை வெளியே இழுப்போமே, அந்த மாதிரி. இங்கே தீயே ஆள் அனுப்பித் தன் கொள்ளியை இழுக்கச் சொல்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

155 இதற்கு நேர் எதிர். அழற்சியின்போதுதான் அதுவும் பெருகும். ஆனால் அழற்சியை அடக்கும் சாக்ஸ் 1 புரதத்தையே அது குறைத்துவிடும். ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்யும் நொதியிலும் கை வைக்கும். பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களின் நஞ்சுக்கொடியில் 155 கூடியிருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 210-ம் கூடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஏறும் வகை அது. தொடக்க மாதங்களில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் சரியாக விரிந்துகொடுக்காவிட்டால் நஞ்சுக்கொடி மூச்சுத் திணறும். அது தாயின் ரத்தத்தில் கொட்டும் பொருட்களால் அவளுடைய ரத்தக்குழாய்களின் உட்சுவரே அழற்சி கொள்ளும். பிரஷர் அதனால்தான் ஏறுகிறது.

மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 19-ஆவதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்களின் ஒரு கூட்டம் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் அந்தக் கூட்டத்தின் இரண்டு பிரதிகளில் அப்பாவிடமிருந்து வந்தது மட்டும்தான் வேலை செய்கிறது. பிரஷர் வந்தாலே "இவள் உடம்பு வாகு அப்படி" என்று மருமகளைச் சொல்லும் மாமியார்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம். இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் நுண்ணிய குமிழிகளில் ஏறித் தாயின் ரத்தத்துக்கு வரும். பிரசவமானதும் வேகமாகக் குறைந்துவிடும்.

அப்படியென்றால் ரத்தத்தில் இவற்றை அளந்து நோயை முன்கூட்டியே சொல்லலாமே என்று தோன்றும். ஆராய்ச்சி அந்தத் திசையில்தான் போகிறது. ஆனால் எடுத்த ரத்தத்தில் சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலே கணக்கு மாறிவிடும். ஒரு ஆய்வகத்தின் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போவதும் சிரமம். ஆகவே இந்தப் பெயரில் யாராவது விலை கூடிய பரிசோதனையைச் சொன்னால், உங்கள் பிரசவ மருத்துவரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்றைக்குப் பீஞ்சமந்தை மலையிலும் செய்யக்கூடியது, கிராம சுகாதார செவிலியர் பார்க்கும் பிரஷரும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான். முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மூன்றாம் மாதத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார். நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

அப்புறம், வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ அது முடிந்து பெண் குடியாத்தத்திலிருந்து அணைக்கட்டுக்கோ ஆற்காட்டுக்கோ அம்மா வீட்டுக்குப் போவாள். பிரஷர் பெரும்பாலும் தலைகாட்டும் காலமும் இதுதான். இங்கே பார்த்தவர் அங்கே இல்லை, அங்கே இருப்பவருக்கு இவளைத் தெரியாது. வளையல், புடவையோடு தாய் சேய் அட்டையையும் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் செவிலியரிடம் பதிந்து பிரஷர் பாருங்கள். தலைவலியோ, கண் மங்கலோ, மேல்வயிற்றில் வலியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வணக்கம்.