கால்வாசி ஓட்டு, பாதி சீட்! கடலுக்கு அந்தப் பக்கம் எப்படி எண்ணுறாங்க?

[திரையில்: 3,42,882]

2024 மக்களவைத் தேர்தல்ல நம்ம ராமநாதபுரம் தொகுதியில ரெண்டாவதா வந்த ஓ.பன்னீர்செல்வம் வாங்கின ஓட்டு இது. அத்தனை ஓட்டுக்கும் ஒரு சீட் கூட கிடையாது. அதே வருஷம் நவம்பர்ல, இலங்கையில யாழ்ப்பாணம் மாவட்டத்துல நாலாவதா வந்த ஒரு சுயேச்சைக் குழு வெறும் 27,855 ஓட்டு வாங்கி ஒரு எம்.பி.யை அனுப்பிருச்சு. எப்படி?

வணக்கம் மக்களே! பாம்பன், மண்டபம், கீழக்கரைன்னு கரையோரம் இலங்கை ரேடியோ கேட்டவங்களுக்கு ‘விருப்பு வாக்கு’, ‘போனஸ் ஆசனம்’ எல்லாம் பழகின வார்த்தை. இன்னைக்கு அந்தக் கணக்கைப் போட்டே பாத்துருவோம்.

பின்னணி ரெண்டே வரி. 1978 அரசியலமைப்புல விகிதாசார முறை, அதாவது வாங்கின ஓட்டுக்கு ஏத்த அளவுல சீட் கொடுக்குற முறை வந்துச்சு, 1989-ல அதுல முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்துச்சு. மொத்தம் 225 பேர்: 22 தேர்தல் மாவட்டங்கள்ல இருந்து 196, தேசியப் பட்டியல்ல 29.

இப்ப பேனாவை எடுங்க. யாழ்ப்பாணத்துக்கு 6 சீட். முதலிடம் வந்த கட்சிக்கு ஒண்ணு போனஸ். 80,830 ஓட்டு வாங்கின தேசிய மக்கள் சக்தி அதை எடுத்துக்கிச்சு. மிச்சம் 5.

அடுத்து, செல்லுபடியான ஓட்டுல 5 சதவீதத்தைத் தொடாதவங்களை வெட்டிடணும். தேறினது ஆறு அணி, அவங்க ஓட்டு மொத்தம் சுமார் 2,40,000. அதை 5-ஆல வகுத்தா 48,000. இதுதான் ஒரு சீட்டுக்கான விலை.

தமிழரசுக் கட்சி 63,327. ஒரு சீட் வாங்கினது போக கையில 15,000 சொச்சம். தேசிய மக்கள் சக்திக்கும் ஒண்ணு, அவங்க கையில 32,000 சொச்சம். மத்த யாரும் 48,000-ஐ எட்டலை, அதனால அவங்க ஓட்டு முழுசுமே மிச்சக் கணக்குதான். மீதி 3 சீட்டும் பெரிய மிச்சம் வச்சிருக்கவங்களுக்கு வரிசையாப் போகும்: தேசிய மக்கள் சக்தி, 27,986 வாங்கின தமிழ்க் காங்கிரஸ், அப்புறம் நம்ம 27,855!

முடிவு: தேசிய மக்கள் சக்திக்கு 3, மத்த மூணு அணிக்கும் தலா 1. வெட்டினவங்க ஓட்டையும் சேத்து, செல்லுபடியான மொத்த ஓட்டுல பாத்தா, கால்வாசிக்கும் குறைஞ்ச ஓட்டுக்கு பாதி சீட்!

போனஸ் இல்லாம போட்டுப் பாருங்க. 6-ஆல வகுத்தா விலை 40,000 ஆகும். தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசுக்கும் 2, மத்த ரெண்டு பேருக்கும் தலா 1. ஒரே ஒரு போனஸ், முழுப் படத்தையும் மாத்திருச்சு. விகிதாசாரம்னு பேர் வச்சுட்டு முதலிடத்துக்குப் பரிசு கொடுக்குறது எனக்குச் சரியாப் படலை. அதை எடுத்துடணும்.

சீட் கட்சிக்கு. அதுல யார் உட்காருவாங்கன்றதை விருப்பு வாக்கு சொல்லும். ஓட்டுச்சீட்டுல கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி), கீழ வேட்பாளர் எண்கள்ல அதிகபட்சம் மூணு பேருக்குப் புள்ளடி. கட்சியை விட்டுட்டு எண்ணை மட்டும் குறிச்சா ஓட்டே செல்லாது. நாலு எண் குறிச்சா கட்சி ஓட்டு நிக்கும், விருப்பு வாக்கு மட்டும் போயிரும். 6 சீட்டுக்கு ஒரு கட்சி 9 பேரை நிறுத்தணும், அதனால சொந்தக் கட்சிக்குள்ளயே போட்டி அனல் பறக்கும்.

தேசியப் பட்டியலுக்கு வாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நாடு முழுக்க வாங்கின ஓட்டை வச்சு 29 சீட்டைப் பிரிக்கிறாங்க, இங்க 5 சதவீத வெட்டு கிடையாது. 2020-ல ஐக்கிய தேசியக் கட்சிக்கு எந்த மாவட்டத்துலயும் சீட் இல்ல. மொத்தமே 2.15 சதவீதம், கிடைச்சது ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடம். அந்த ஒத்தை இடத்துல 2021 ஜூன்ல உள்ள போனவர் ரணில் விக்கிரமசிங்க. 2022 மே மாசம் பிரதமர், ஜூலையில ஜனாதிபதி!

தொகுதியில தோத்த கட்சிக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கணுமா, கூடாதா? காரணத்தோட கமென்ட்ல எழுதுங்க.